மருந்தை நிறுத்தியாச்சு, அப்புறம்? பக்கவிளைவைப் பதிவு செய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் ஒரு மருத்துவக் கல்லூரியின் மருந்தியல் துறையில் வேலை பார்க்கிறேன். காலையில் வகுப்பு, பதினொரு மணிக்கு மேல் வார்டு. கையில், மருந்தின் பக்கவிளைவைப் பதிவு செய்யும் படிவம் ஒரு கட்டு இருக்கும். எல்லோரும் ‘ஏ.டி.ஆர். (அட்வர்ஸ் ட்ரக் ரியாக்ஷன்) ஃபார்ம்’ என்று சொல்வது அதைத்தான். நான் உள்ளே நுழைந்ததுமே பி.ஜி. மாணவர்கள் “இன்னிக்கு ஒண்ணும் இல்லை மேடம்” என்பார்கள். கேஸ் ஷீட்டைப் புரட்டினால் மூன்றாம் நாள் பக்கத்தில் ஒரு மருந்தை அடித்துவிட்டுப் பக்கத்தில் ‘ஸ்டாப்’ என்று எழுதியிருக்கும். ஏன் நிறுத்தினீர்கள் என்றால், “உடம்பெல்லாம் அரிப்பு வந்துச்சு மேடம், வேற மாத்திட்டோம்.” அதைத் தேடித்தான் மேடம் வந்தது.

டாக்டர்கள், சிஸ்டர்கள், மருந்தாளுநர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

கேள்வி: எதையெல்லாம் எழுத வேண்டும்? அலர்ஜி வந்தால் மட்டுமா?

அலர்ஜி அதில் ஒரு பகுதிதான். வழக்கமான அளவில் கொடுத்த மருந்து, கொடுத்த நோக்கத்துக்கு மாறாக ஒரு தீங்கைச் செய்தால் அது ஏ.டி.ஆர். ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் சாப்பிடுபவருக்கு வரும் வறட்டு இருமல், எத்தாம்புட்டால் சாப்பிடும் காசநோயாளிக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாமல் போவது, டாபாகிளிஃப்ளோசின் தொடங்கிய சர்க்கரை நோயாளிக்குப் பிறப்புறுப்பில் வரும் அரிப்பு எல்லாமே கணக்கில் வரும். லேசானதா, கடுமையானதா, தெரிந்ததா, புதியதா என்று பார்க்க வேண்டாம்.

நோயாளி நம்மிடம் வந்து ‘ரியாக்ஷன்’ என்று சொல்லமாட்டார். “மாத்திரை ஒத்துக்கலை”, “உடம்பு சூடாயிடுச்சு”, “வாய் வெந்துபோச்சு” என்பார். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் பி காம்ப்ளெக்ஸ் எழுதி அனுப்பிவிடாதீர்கள். கடந்த இரண்டு மாதத்துக்குள் வலிப்புக்கான கார்பமாசெபின், ஃபெனிட்டாய்ன், யூரிக் அமிலத்துக்கான அல்லோபியூரினால், ஆன்டிபயாட்டிக்கான கோட்ரைமாக்சசோல் போல எதையாவது புதிதாகத் தொடங்கினாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தோல் உரிந்து ஐ.சி.யூ. வரை கொண்டுபோகும் ஸ்டீவன்ஸ் ஜான்சன் சிண்ட்ரோம் பல நேரம் காய்ச்சல், கண் எரிச்சல், வாய்ப்புண் என்று சாதாரணமாகத்தான் ஆரம்பிக்கும்.

கேள்வி: ஏற்கெனவே புத்தகத்தில் இருக்கிற பக்கவிளைவை மறுபடி எதற்கு எழுத வேண்டும்?

இந்தக் கேள்வி வராத வகுப்பே இல்லை. ஒரு சம்பவம் சொல்கிறேன். வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு ஊசி போட்ட ஒரு பெண், பத்தொன்பது வயது இருக்கும். சில மணி நேரத்தில் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, கண் மேலே சொருகிக்கொண்டது, வாயை மூட முடியவில்லை. கூட இருந்த பாட்டி ‘காத்து கருப்பு’ என்று நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டிருந்தார். டியூட்டி டாக்டர் பார்த்த உடனே கண்டுபிடித்து ப்ரோமெத்தசின் ஊசி போட்டார். அரை மணியில் கழுத்து நேரானது. எல்லாம் சரியாக நடந்தது. படிவம் மட்டும் யாரும் எழுதவில்லை. “இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே மேடம்!”

தெரிந்ததுதான். ஆனால் எத்தனை பேருக்கு வருகிறது, எந்த வயதில், எந்த அளவில் என்பது இங்கே நாம் எழுதினால்தான் தெரியும். புத்தகத்தில் இருப்பது பெரும்பாலும் வேறு ஊர் ஆட்களைப் பார்த்து எழுதியது. கார்பமாசெபினையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹெச்.எல்.ஏ.-பி 1502 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு அதனால் ஸ்டீவன்ஸ் ஜான்சன் வரும் ஆபத்து பல மடங்கு அதிகம். அந்த மரபணு ஆசிய மக்களிடம்தான் கூடுதலாக இருக்கிறது, ஐரோப்பியர்களிடம் மிக அரிது. ஐரோப்பிய நோயாளிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அது கண்ணிலேயே பட்டிருக்காது.

இன்னொன்று, மாதவிடாய் வலிக்கு வீட்டுக்கு வீடு வைத்திருக்கும் மெஃபனமிக் ஆசிட். அதனால் ‘ட்ரெஸ்’ எனும் கடுமையான ஒவ்வாமை வரலாம் என்று 2023 நவம்பர் இறுதியில் இந்திய மருந்தக ஆணையம் (இந்தியன் ஃபார்மகோபியா கமிஷன்) எச்சரிக்கை வெளியிட்டது. காய்ச்சல், தோல் தடிப்பு, நெறிகட்டுதல், ரத்தத்தில் ஈசினோஃபில் எனும் வெள்ளை அணு ஏற்றம், கல்லீரல் பாதிப்பு எல்லாம் சேர்ந்து வரும் நிலை அது. மருந்து தொடங்கி இரண்டிலிருந்து எட்டு வாரம் கழித்துக்கூடத் தலைகாட்டும் என்பதால், எப்போதோ போட்ட வலி மாத்திரையை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. நம் ஊர் வார்டுகளிலிருந்து போன படிவங்களைச் சேர்த்துப் பார்த்தபோதுதான் அந்த எச்சரிக்கைக்கு அடிப்படை கிடைத்தது.

கேள்வி: கம்பெனிக்காரர்கள் ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதித்துவிட்டுத்தானே விற்கிறார்கள்?

சோதிக்கிறார்கள். ஆனால் ஆயிரக்கணக்கு போதாது. எளிய கணக்கு ஒன்று: பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு வரும் பக்கவிளைவை ஒரு தடவையாவது பார்த்துவிடுவோம் என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்ல, ஏறக்குறைய முப்பதாயிரம் பேருக்கு அந்த மருந்தைக் கொடுத்திருக்க வேண்டும். சந்தைக்கு வரும்முன் அவ்வளவு பேரிடம் சோதித்த மருந்துகள் குறைவு. தவிர, சோதனைக்குப் பெரும்பாலும் கர்ப்பிணிகளை எடுக்கமாட்டார்கள். எண்பது வயது தாத்தா, சிறுநீரகம் பழுதானவர், ஒரே நேரத்தில் ஒன்பது மாத்திரை விழுங்குபவர் என்று நம் ஓ.பி. வரிசையில் தினமும் நிற்கும் ஆட்களும் அங்கே இருக்கமாட்டார்கள்.

இந்த ஏற்பாடெல்லாம் பிறந்ததே தாலிடோமைடு என்ற மருந்தால். 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. தூக்கத்துக்குப் பாதுகாப்பான மருந்து என்றார்கள், கர்ப்பிணிகளின் மசக்கைக்கும் கொடுத்தார்கள். கை கால் வளராமல் குழந்தைகள் பிறந்தன, உலகம் முழுக்க பத்தாயிரம் வரை என்று கணக்கு. ஜெர்மனியில் குழந்தை மருத்துவர் விடுகின்ட் லென்ஸ், ஆஸ்திரேலியாவில் மகப்பேறு மருத்துவர் வில்லியம் மெக்பிரைட் இருவரும் தனித்தனியாகச் சந்தேகப்பட்டார்கள். 1961 நவம்பரில் ஜெர்மனியில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. டிசம்பரில் ‘லான்செட்’ இதழில் மெக்பிரைட்டின் கடிதம் வந்தது. சின்னக் கடிதம்தான். நான் இப்படிப் பார்க்கிறேன், வேறு யாராவது பார்த்தீர்களா என்பதுதான் அதன் சாரம். ஏ.டி.ஆர். படிவம் கேட்பதும் அதே கேள்வியைத்தான். 1964இல் பிரிட்டன், பக்கவிளைவை டாக்டர்கள் எழுதி அனுப்பும் ‘மஞ்சள் அட்டை’ முறையைத் தொடங்கியது. 1968இல் உலக சுகாதார நிறுவனம் பத்து நாடுகளோடு மருந்துக் கண்காணிப்புக்கான சர்வதேசத் திட்டத்தை ஆரம்பித்தது.

கேள்வி: மருந்துதான் காரணம் என்று உறுதியாகத் தெரியவில்லை. நோயாகவும் இருக்கலாம். அப்போதும் எழுதலாமா?

எழுதலாம். சந்தேகம் போதும். படிவத்தின் பெயரே ‘சந்தேகத்துக்குரிய’ பக்கவிளைவுப் படிவம் என்றுதான் இருக்கிறது. நிரூபிப்பது உங்கள் வேலை இல்லை.

யோசிப்பதற்கு ஒரு வழி வேண்டும் என்றால் நான்கு கேள்வி கேட்டுப் பாருங்கள். மருந்து தொடங்கிய பிறகுதான் வந்ததா? நிறுத்தினதும் குறைந்ததா? முன்பு எப்போதாவது இதே மருந்துக்கு இப்படி வந்திருக்கிறதா? வேறு காரணம் ஏதாவது பொருந்துகிறதா? 1981இல் வெளியான நரஞ்ஜோ அளவுகோலும் இதைத்தான் பத்துக் கேள்வியாக விரித்து மதிப்பெண் போடுகிறது. 9 அல்லது அதற்கு மேல் வந்தால் உறுதி, 5 முதல் 8 வரை அநேகமாக, 1 முதல் 4 வரை இருக்கலாம், அதற்குக் கீழே ஐயம். உலக சுகாதார நிறுவனத்தின் உப்சலா மையம் மதிப்பெண் இல்லாமல் ஆறு வகையாகப் பிரிக்கிறது. தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் இரண்டையும் மனப்பாடம் செய்வார்கள். வார்டில் நிற்பவருக்கு அந்த நான்கு கேள்வி போதும்.

உறுதி செய்துகொள்ளலாம் என்று அதே மருந்தை மறுபடி கொடுத்துப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். தோல் உரிந்தது, மூச்சுத் திணறியது, ரத்த அழுத்தம் விழுந்தது போன்ற கேஸ்களில் அந்த வேலையே வேண்டாம்.

கேள்வி: எழுதினால் என் மேல் கேஸ் போடுவார்களா? ஆஸ்பத்திரிக்குக் கெட்ட பெயர் வருமா?

இதுதான் உண்மையான கேள்வி. மற்றதெல்லாம் இதை மறைக்கக் கேட்பது என்று சில சமயம் தோன்றும்.

படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இந்தத் தகவலை அனுப்புவதால் மருத்துவப் பணியாளரோ, மருந்து நிறுவனமோ, அந்த மருந்தோ தீங்குக்குக் காரணம் என்று ஒப்புக்கொண்டதாக ஆகாது என்று அச்சிட்டே கொடுத்திருக்கிறார்கள். நோயாளியின் பெயர் போகாது, பெயரின் முதலெழுத்துகள் மட்டும்தான். அனுப்பியவர் யார் என்பதையும் வெளியே சொல்வதில்லை. சரியான அளவில், சரியான காரணத்துக்குக் கொடுத்த மருந்தால் வந்த பக்கவிளைவு யாருடைய தவறும் இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. பக்கவிளைவு வந்ததைக் கேஸ் ஷீட்டில் எழுதி, நோயாளியிடம் சொல்லி, படிவமும் அனுப்பிய டாக்டரின் நிலைமை பின்னால் வழக்கு வந்தால் நன்றாகவே இருக்கும். ஒன்றுமே எழுதாமல், டிஸ்சார்ஜ் சம்மரியில்கூட மருந்தின் பெயரை விட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து வேறொரு ஆஸ்பத்திரியில் அதே மருந்து மறுபடி ஏறினால்? பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

நிர்வாகம் முகம் சுளிக்கும் இடங்கள் இல்லாமல் இல்லை. ஒரு தனியார் மருத்துவமனையில் வகுப்பெடுக்கப் போயிருந்தேன். முடிந்ததும் ஒரு சிஸ்டர் தனியாக வந்து, “நாங்க எழுதினா ‘உங்க வார்டுல மட்டும் ஏன் இவ்ளோ வருது’ன்னு கேக்குறாங்க மேடம்” என்றார். எழுதுகிற வார்டில்தான் எண்ணிக்கை கூடும். அதைத் தவறின் எண்ணிக்கையாகப் படிக்கும் மேலாளருக்குத்தான் முதலில் வகுப்பெடுக்க வேண்டும்.

கேள்வி: யார் எழுதலாம்? டாக்டர் கையெழுத்து கட்டாயமா?

கட்டாயம் இல்லை. டாக்டர், பல் டாக்டர், செவிலியர், மருந்தாளுநர் யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். என்னைக் கேட்டால் செவிலியர்கள்தான் இதற்கு மிகச் சரியான ஆட்கள். டாக்டர் ரவுண்ட்ஸில் ஐந்து நிமிடம் நிற்கிறார், சிஸ்டர் எட்டு மணி நேரம் இருக்கிறார். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் வேகமாக ஏறியதால் முகமும் கழுத்தும் சிவந்துபோவதை முதலில் பார்ப்பது அவர்தான். டாக்டர் வருவதற்குள் சொட்டு வேகத்தைக் குறைத்து, சிவப்பும் அடங்கியிருக்கும். ரவுண்ட்ஸில் அதைச் சொல்ல மறந்துவிட்டால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை.

மருந்துக் கடை மருந்தாளுநருக்கும் அப்படித்தான். “போன தடவை குடுத்த மாத்திரை வேணாம், வேற குடுங்க” என்று ஒருவர் சொன்னால், ஏன் என்று கேட்கக்கூடிய ஒரே ஆள் அவர்.

கேள்வி: படிவத்தில் எல்லாக் கட்டத்தையும் நிரப்ப வேண்டுமா? நேரமில்லை.

வேண்டியதில்லை. நோயாளியின் முதலெழுத்துகள், பக்கவிளைவு வந்தபோது இருந்த வயது, என்ன வந்தது, எந்தத் தேதியில் வந்தது, சந்தேகப்படும் மருந்து, அனுப்புபவர் விவரம். இவ்வளவு இருந்தால் படிவம் செல்லும். ஐந்து நிமிட வேலை.

ஆனால் செல்லுபடியாகும் படிவம் வேறு, பயன்படும் படிவம் வேறு. எனக்கு வந்த ஒரு படிவத்தில் இருந்தது இவ்வளவுதான்: “ஆன்டிபயாட்டிக் போட்டதும் ராஷ். நிறுத்தப்பட்டது.” எந்த ஆன்டிபயாட்டிக்? போட்டதும் என்றால் பத்து நிமிடத்திலா, பத்து நாளிலா? அது ஒன்றை வைத்தே கதை மாறிவிடும். அதே வார்டில் முதலாமாண்டு பி.ஜி. ஒருவர் எழுதியது இது: “ஆண், 42. செஃப்ட்ரியாக்சோன் 1 கிராம் நரம்பு வழியாக, காலை 10.00. 10.15க்கு உள்ளங்கை அரிப்பு, 10.20க்கு உடம்பெங்கும் தடிப்பு, மூச்சிரைப்பு, பி.பி. 80/50. அட்ரினலின் 0.5 மி.கி. தொடையில். 10.40க்கு பி.பி. 110/70. கூட வேறு மருந்து: பான்டோபிரசோல், முதல் நாளிலிருந்து. முன்பு செஃபிக்சிம் சாப்பிட்டு அரிப்பு வந்ததாகச் சொல்கிறார்.” ஆறு வரிதான். படித்தால் நடந்தது அப்படியே கண்ணுக்குத் தெரிகிறது. கடைசி வரிக்காக அவருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டு இடத்தில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். ஒன்று, தேதி: மருந்து தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி, பக்கவிளைவு வந்த தேதி. மூன்றும் இல்லாவிட்டால் மருந்துக்கும் விளைவுக்கும் முடிச்சுப் போட முடியாது. இரண்டு, கூடவே சாப்பிட்ட மற்ற மருந்துகள். கடையில் தானாக வாங்கியது, நாட்டு மருந்து, லேகியம், மூட்டு வலிக்கு யாரோ கொடுத்த பொட்டலம் எல்லாம் அதில் வர வேண்டும். “வேற எதுவும் சாப்பிடலீங்க” என்பதை உடனே நம்பாதீர்கள். “வீட்டு வைத்தியம், கசாயம் ஏதாவது?” என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கூட்டு மாத்திரையாக இருந்தால் பிராண்டு பெயரையும் எழுதுங்கள். ஊசி மருந்துகளுக்கும் தடுப்பூசிக்கும் பேட்ச் எண் முக்கியம். குப்பியைத் தூக்கி எறிவதற்கு முன்னால் போனில் ஒரு போட்டோ எடுத்துவிட்டால் போதும்.

கேள்வி: எங்கே அனுப்புவது? அனுப்பிய பிறகு என்ன நடக்கும்?

மருத்துவக் கல்லூரி என்றால் அங்கேயே மருந்தியல் துறையில் பக்கவிளைவுக் கண்காணிப்பு மையம் இருக்கிறதா என்று கேளுங்கள், பல இடங்களில் உண்டு. இல்லாவிட்டால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் வேலை நாட்களில் கூப்பிட்டுச் சொல்லலாம். ‘ஏ.டி.ஆர். பி.வி.பி.ஐ.’ என்று ஒரு மொபைல் ஆப்பும் இருக்கிறது. நோயாளிகளே நிரப்பித் தரத் தனிப் படிவம் உண்டு, தமிழிலும் இருக்கிறது. அது பலருக்குத் தெரியாது.

இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் (பி.வி.பி.ஐ.) 2010 ஜூலையில் டெல்லி எய்ம்ஸை மையமாக வைத்துத் தொடங்கியது. 2011 ஏப்ரலில் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தக ஆணையத்துக்கு மாறியது. நீங்கள் எழுதிய படிவத்தை நாங்கள் கணினியில் ஏற்றினால் அங்கே போகும். அங்கிருந்து ஸ்வீடனின் உப்சலா மையத்தில் உள்ள உலகத் தரவுத்தளத்துக்கும் போகும். மூன்று கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் அங்கே இருக்கின்றன. ஒரே மருந்து, ஒரே விளைவு என்று பல இடங்களிலிருந்து வந்து சேரும்போது நிபுணர் குழு உட்கார்ந்து பார்க்கும். தேவைப்பட்டால் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்புக்குப் பரிந்துரை போகும்.

உடனே தடை செய்துவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் மருந்துடன் வரும் துண்டுச்சீட்டில் ஒரு வரி கூடும். எப்போதாவது வயது வரம்பு வரும். 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வலி, காய்ச்சல் மருந்தான நிமெசுலைடு கூடாது என்று 2011இல் வந்ததைப் போல. தடையே வந்தாலும் நிற்கும் என்று சொல்ல முடியாது. சர்க்கரை நோய்க்கான பயோகிளிட்டசோனை 2013 ஜூனில் நிறுத்தி வைத்தார்கள். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பற்றிய கவலை. ஜூலை முடிவதற்குள் எச்சரிக்கை வாசகத்தோடு திரும்பி வந்துவிட்டது. அதைச் சரி என்பவர்களும் தவறு என்பவர்களும் இன்றும் இருக்கிறார்கள். நம்மிடம் உள்நாட்டுப் பதிவுகள் நிறைய இருந்திருந்தால் அந்த விவாதம் இன்னும் தெளிவாக நடந்திருக்கும் என்பது என் எண்ணம்.

கேள்வி: முன்பு இரண்டு தடவை அனுப்பினேன். ஒரு பதிலும் வரவில்லை. எதற்கு மறுபடி?

கோபம் நியாயமானது. எழுதியவருக்கு “வந்தது, நன்றி, இந்த எண்ணில் பதிவாகியிருக்கிறது” என்று ஒரு வரி போக வேண்டும். பல இடங்களில் போவதில்லை, அது எங்கள் பக்கத்துக் குறை. என் துறையில் இப்போது மாதம் ஒருமுறை, எந்த வார்டிலிருந்து என்ன வந்தது என்று ஒரு பக்கத்தில் எழுதி அந்தந்த வார்டின் பலகையில் குத்திவிட்டு வருகிறேன். வேறு எதையும்விட அதற்குப் பிறகுதான் படிவங்கள் கூடின. தன் கேஸ் பலகையில் இருப்பதைப் பார்த்தால் யாருக்கும் கொஞ்சம் சந்தோஷம்தான்.

கேள்வி: டாக்டர்களுக்கு இதெல்லாம் தெரியாதா? ஏன் எழுதுவதில்லை?

தெரியும். கல்லூரிக்குக் கல்லூரி இதைப் பற்றிக் கேள்வித்தாள் ஆய்வு நடத்தியிருக்கிறார்கள், முதுகலை மாணவர்களுக்கு இது பிடித்தமான ஆய்வுத் தலைப்பு. பெரும்பாலும் ஒரே மாதிரிதான் முடியும்: பதிவு செய்ய வேண்டும் என்று ஏறக்குறைய எல்லோரும் ‘ஆம்’ போடுவார்கள், நீங்கள் எப்போதாவது அனுப்பியிருக்கிறீர்களா என்ற கேள்வியில் கை தயங்கும். நம் நாட்டுக்கு மட்டும் உரிய வியாதியும் இல்லை இது. பல நாடுகளின் 37 ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியான கட்டுரை ஒன்று, பக்கவிளைவுகளில் பதிவாகாமல் போவது நடுமதிப்பாக 94 சதவீதம் என்று கணக்குச் சொன்னது. அதாவது பதிவாவது நூறில் ஆறு.

பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்பு நிபுணர் பில் இன்மன் இதற்கான காரணங்களை ‘ஏழு கொடிய பாவங்கள்’ என்று பட்டியல் போட்டார். வழக்குக்குப் பயம், நாமே தீங்கு செய்துவிட்டோமே என்ற குற்ற உணர்வு, வெறும் சந்தேகத்தை அனுப்பினால் சிரிப்பார்களோ என்ற கூச்சம், விற்கிற மருந்தெல்லாம் பாதுகாப்பானது என்ற மெத்தனம், தாமே கட்டுரையாக வெளியிடலாம் என்று கேஸைப் பதுக்கி வைக்கும் ஆசை என்று போகும். கடைசியில் சொன்னது நம் கல்லூரிகளில் நன்றாகவே விளைகிறது.

எனக்குத் தோன்றும் எட்டாவது காரணம் ஒன்று உண்டு. இது யாருடைய வேலை என்று யாருக்கும் தெரியாது. பேராசிரியர் அசிஸ்டென்ட் எழுதுவார் என்று நினைக்கிறார், அசிஸ்டென்ட் பி.ஜி. எழுதுவார் என்று, பி.ஜி. ஹவுஸ் சர்ஜன் எழுதுவார் என்று. ஹவுஸ் சர்ஜனுக்கு ரத்தம் எடுக்க இன்னும் பதினான்கு பேர் பாக்கி. விழிப்புணர்வுச் சுவரொட்டி, செப்டம்பர் 17 முதல் 23 வரை கொண்டாடும் மருந்துக் கண்காணிப்பு வாரம், கோலப்போட்டி எல்லாம் நடக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. படிவம் வருவது என்னவோ ஒரு ஆள் தினமும் வார்டுக்குப் போய் நின்று கேட்டால்தான்.

கேள்வி: வயதானவர்களிடம் எதைத் தனியாகக் கவனிக்க வேண்டும்?

ஒரு மருந்தின் பக்கவிளைவுக்கு இன்னொரு மருந்து கொடுப்பதை. என் அம்மா கதையையே சொல்கிறேன். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் தொடங்கினார்கள். இரண்டு மாதத்தில் இரண்டு கணுக்காலும் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் சாயங்காலம் வரை மறையவில்லை. ஊரில் பார்த்த டாக்டர் நீர் மாத்திரை எழுதினார். அதனால் இரவில் நான்கு முறை எழுந்து பாத்ரூம் போக வேண்டியதாயிற்று. ஒரு நாள் தலை சுற்றி வாசற்படியில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. தலைசுற்றலுக்கு அடுத்த மாத்திரை வந்தது. நான் ஊருக்குப் போய் மாத்திரை டப்பாவைக் கவிழ்த்துப் பார்க்கும்வரை அந்த வீக்கம் அம்லோடிபினால் வந்தது என்று யாருக்கும் தோன்றவில்லை. தினமும் வகுப்பில் அதைச் சொல்லிக்கொடுக்கும் எனக்கும் போனில் கேட்டபோது தோன்றவில்லை. “வயசாச்சுல்ல, கால் வீங்கத்தான் செய்யும்” என்று நானே சொல்லியிருக்கிறேன்.

அம்லோடிபினை மாற்றிய மூன்றாவது வாரம் வீக்கம் போனது. மற்ற இரண்டு மாத்திரையும் தேவைப்படவில்லை. வயதானவருக்குப் புதிதாக ஒரு தொந்தரவு வந்தால், புது மாத்திரை எழுதும்முன் பழைய டப்பாவைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

கேள்வி: தடுப்பூசி, ரத்தம், ஸ்டென்ட், சித்த மருந்து? எல்லாவற்றுக்கும் இதே படிவமா?

தடுப்பூசிக்குப் பின் வரும் கடுமையான விளைவை முதலில் மாவட்டத் தடுப்பூசி அதிகாரிக்கு உடனே சொல்ல வேண்டும், அதற்கு வழி தனி. ரத்தம் ஏற்றும்போது வருவதற்கு ‘ஹீமோவிஜிலன்ஸ்’ திட்டம், 2012 முதல். ஸ்டென்ட் போன்ற கருவிகளுக்கு ‘மெட்டீரியோவிஜிலன்ஸ்’ திட்டம், 2015 முதல். சித்த, ஆயுர்வேத மருந்துகளுக்கு ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் தனி வலைப்பின்னல், நமக்குப் பக்கம் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த நிறுவனம். எதற்கு எது என்று குழம்பினால் எங்கள் படிவத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள், நாங்கள் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்துவிடுவோம்.

கேள்வி: பக்கவிளைவு இல்லை, மருந்தே சரியில்லை என்று தோன்றினால்?

அதையும் சொல்லுங்கள், கூடவே மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும். 2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் ஒருவர் பின் ஒருவராகச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்திருந்த இருமல் சிரப்பில் ஒன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாட்டு ஆய்வகம் சோதித்தபோது அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு 48.6 சதவீதம் இருந்தது. காய்ச்சலுக்கு வந்த குழந்தைக்குத் திடீரென்று சிறுநீர் நின்றுபோவதை ஒரு டாக்டர் ஒரு தடவை பார்த்தால் அது ஒரு கேஸ். இரண்டாவது குழந்தை வந்தால் இருவரும் என்ன குடித்தார்கள் என்று கேட்டு, பாட்டிலை வாங்கி வைக்க வேண்டும். இதற்குப் படிவம் எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை, அன்றைக்கே போன் செய்யுங்கள்.

கேள்வி: நோயாளியிடம் என்ன சொல்லி அனுப்புவது?

மருந்தின் பெயர். அவ்வளவுதான், ஆனால் அதைத்தான் யாரும் எழுதித் தருவதில்லை. “உங்களுக்கு ஆன்டிபயாட்டிக் அலர்ஜி, ஜாக்கிரதை” என்று வாயால் சொன்னால், வீட்டுக்குப் போவதற்குள் ‘ஊசி அலர்ஜி’ ஆகிவிடும்.

தோல் ஓ.பி.யில் ஒருவர், கட்டட வேலை, ஐம்பதை நெருங்கும் வயது. கீழுதட்டிலும் வலது கைப் பெருவிரல் பக்கத்திலும் ஒரு ரூபாய் அளவுக்குக் கருநீலத் தழும்பு. மூன்றாவது தடவையாக அதே இடத்தில் எரிந்து கொப்புளித்திருந்தது. வருடத்தில் ஒன்றிரண்டு முறை வயிற்றுப்போக்கு வரும்போது கடையில் “லூஸ் மோஷனுக்கு ஒண்ணு குடுங்க” என்று வாங்குவாராம். மாத்திரையின் பெயர் தெரியாது. மஞ்சளாக, நீளமாக இருக்கும் என்றார். அட்டை இருக்கிறதா என்று கேட்டதற்கு, சட்டைப் பையிலிருந்து பீடிக்கட்டோடு சேர்த்து ஒரு கிழிந்த துண்டை எடுத்தார். பாதிப் பெயர் இருந்தது, டினிடசோல் கலந்த கூட்டு மாத்திரை. மருந்து போட்டால் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் ‘ஃபிக்ஸ்ட் ட்ரக் எரப்ஷன்’, சந்தேகமே இல்லை.

படிவத்தை எழுதி முடித்தபின் ஒரு சின்ன அட்டையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் அந்த மருந்துகளின் பெயரைப் பெரிதாக எழுதி, பக்கத்து ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்து கொடுத்தோம். போன மாதம் பி.பி. மாத்திரை வாங்க வந்தவர் என்னைப் பார்த்ததும் நின்று, ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் கவரிலிருந்து அதை எடுத்துக் காட்டினார். மேஸ்திரி வீட்டு அம்மாவுக்கும் இப்படி வருகிறதாம், அவருக்கும் ஒன்று எழுதித் தர முடியுமா என்று கேட்டார். அந்த அம்மாவை அட்டையோடு வரச் சொல்லியிருக்கிறேன்.